சட்டைப் பைக்குள் இருந்த காது

கார் பாகூர் கடைத்தெருவைத் தாண்டியதும் அப்பா ஒரு காரியம் செய்வார். காதில் இருக்கும் மெஷின்கள் இரண்டையும் கழற்றுவார். சின்ன டப்பாவில் போட்டு மூடுவார். டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே வயலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கரிக்கலாம்பாக்கம், மங்கலம் எல்லாம் தாண்டி வில்லியனூரில் என் வீட்டு வாசலில் இறங்கும்வரை அவருடைய காது அவர் பாக்கெட்டில்தான்.

அம்மா போன பிறகு அப்பா பாகூரில் தனியாக இருக்கிறார். "எங்களோட வந்துடுங்கப்பா" என்றால், "ஏரியில தண்ணி இருக்கா இல்லியான்னு வில்லியனூர்லேர்ந்தா பாக்க முடியும்?" என்பார். அதனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை போய் அழைத்து வருவேன். திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவேன். போக அரை மணி, வர அரை மணி. அப்பாவும் நானும் மட்டும் தனியாக இருக்கும் நேரம் வாழ்க்கையில் மிச்சமிருப்பது அவ்வளவுதான்.

அந்த அரை மணியில்தான் ஒருநாள் நிலத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு காணிக்கும் குறைவான நிலம். மகளுக்குக் கல்லூரி. நான் பி.காம். படித்தவன்; வருமானம் தராத சொத்து எதற்கு என்று யோசிக்கிற புத்தி. "நிலத்தைக் கொடுத்துடலாமாப்பா?" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். "ஆமா" என்று தலையை ஆட்டினார். எனக்கே ஆச்சரியம். இவ்வளவு சுலபமாகவா? ஆள் பார்த்தேன். விலை படிந்தது. அட்வான்ஸுக்கு நாளும் குறித்தாயிற்று.

அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கார்.

காது மெஷினைச் சரிபார்க்கப் போனபோது அங்கிருந்த ஆடியாலஜிஸ்ட் பெண்ணிடம் புகார் சொன்னேன். "மேடம், இவ்வளவு காசு போட்டு வாங்கினது. கார்ல ஏறினா கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கறார்."

அந்தப் பெண் அப்பாவைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். "சார், உங்க கார் ரொம்ப சத்தமா?"

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காது மங்குவது என்றால் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பது மாதிரி என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. வயதானாலும் சரி, வருடக்கணக்கில் இரைச்சலில் வேலை பார்த்தாலும் சரி, முதலில் போவது உச்ச ஸ்தாயி. அ, ஆ, இ போன்ற உயிரொலிகள் கீழே இருப்பதால் காதில் விழும். ச, த, ப, க போன்றவற்றை அடையாளம் காட்டும் நுணுக்கம் மேலே இருப்பதால் நழுவிவிடும். 'பால்' என்றீர்களா, 'கால்' என்றீர்களா என்பது தெரியாது. ஏதோ பேசுகிறான் என்பது மட்டும் தெரியும். காரில் டயரும் இன்ஜினும் போடுவது 'ஹூம்ம்ம்' என்ற அடித்தொண்டை இரைச்சல். அது மிச்சமிருக்கிற மெல்லிய ஒலியையும் விழுங்கிவிடும். மெஷின் பேச்சை மட்டும் பெரிதாக்காது. இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். இப்போதைய மெஷின்கள் இரைச்சலை ஓரளவு பிரித்துக் குறைக்கும் என்றாலும் எல்லாவற்றையும் அல்ல.

"இன்னொண்ணு சார். அப்பா உங்க வாயைப் பார்த்துதான் பாதி புரிஞ்சுக்கறார். நீங்க வண்டி ஓட்டும்போது ரோட்டைத்தானே பார்ப்பீங்க?"

சுருக்கென்றது. அப்பா ஒரு மில்லில் தறி ஓட்டியவர். நாடா அடிக்கிற பழைய தறிக்கூடத்தில் சத்தம் நூறு டெசிபலைத் தொடும். எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் வரம்பு 90. அந்த எட்டு மணி நேர வேலைக்காகவே 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் 12 பஞ்சாலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஆனால், அந்த எட்டு மணி நேரத்தில் காது என்ன ஆகிறது என்று அப்பாவிடம் யாரும் கேட்டதில்லை. தறிக்கூடத்தில் எல்லோரும் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகளில் பெண்கள் இப்படி உதட்டசைவிலேயே பேசுவதற்கு 'மீ-மாயிங்' என்று ஒரு பெயரே உண்டு. உலகமெங்கும் தறிக்கு ஒரே பாஷை!

சரி, அப்பாவின் காதை என்னால் சரிசெய்ய முடியாது. காரைச் செய்யலாமே?

என் கார் 2016 மாடல் டீசல். ஹாரன் தவிர எல்லாம் சத்தம் போடும் என்கிற பழைய ஜோக்கை நண்பர்கள் இதைப் பார்த்தால்தான் சொல்வார்கள். கல்லூரியில் விளம்பரவியல் பாடத்தில் ஒரு கதை சொன்னார்கள். 1958-ல் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரம். அறுபது மைல் வேகத்தில் போனாலும் அந்தக் காரில் பெரிய சத்தம் மின்சாரக் கடிகாரத்தினுடையதுதான் என்பது அதன் சாரம். என் காரிலும் கடிகாரம் உண்டு. ஓடுகிறதா என்பது காதை வைத்துக் கேட்டாலும் தெரியாது.

நகரத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். முழு காருக்கும் 'சவுண்ட் ப்ரூஃப்' பண்ண நாற்பதாயிரம் என்றார்கள். கார் விலைக்குப் போனாலே ஒன்றரை லட்சம் தேறுமா என்பது சந்தேகம். வரவு செலவு இடித்தது. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று பாகூர் வீட்டு வேப்பமரத்தடியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் காரை நிறுத்தினேன்.

முதல் வேலை, அளப்பது. செல்போனில் டெசிபல் காட்டும் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வகத் துல்லியம் இருக்காது. ஆனால், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று ஒப்பிடப் போதும். ஒரே சாலை, ஒரே 60 கிலோமீட்டர் வேகம், கண்ணாடி ஏற்றி, ஏ.சி. ஃபேனை அணைத்து. மகள் பின் சீட்டில் உட்கார்ந்து போனைப் பிடித்தாள். 75 என்று வந்தது.

டெசிபல் கணக்கு என் மாதிரி காமர்ஸ்காரனுக்குப் பெரிய அவமானம். 60-ம் 60-ம் கூட்டினால் எவ்வளவு? 120 என்பீர்கள். 63! சமமான இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் மூன்றுதான் கூடும். திருப்பிப் பாருங்கள்: சமமாகக் கத்துகிற இரண்டில் ஒன்றை அடியோடு நிறுத்தினாலும் மூன்றுதான் குறையும். ஆகவே இருப்பதிலேயே பெரிய சத்தம் எது என்று கண்டுபிடித்து அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சின்னதை அடைத்து என்ன செலவழித்தாலும் காது கண்டுகொள்ளாது.

காரின் சத்தம் மூன்று இடத்திலிருந்து வருகிறது. இன்ஜின், டயர், காற்று. மெதுவாகப் போகையில் இன்ஜின் சத்தம் ஓங்கியிருக்கும். ஐம்பதைத் தாண்டினால் டயர் முந்தும். பைபாஸில் பறந்தால் காற்று. நம் கிராமத்து ரோட்டில் டயர்தான் வில்லன். அதுவும் இந்தப் பக்கத்து ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே புதுச்சேரி நிலம் ஒரே துண்டாக இல்லை. நடுவில் தமிழ்நாடு வரும், மறுபடி புதுச்சேரி வரும். போர்டைப் பார்க்க வேண்டாம். சில இடங்களில் டயர் சத்தம் மாறுவதை வைத்தே எல்லை தாண்டியதைச் சொல்லிவிடலாம்.

முதல் ஞாயிறு, காசில்லாத வேலை. டிக்கியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஜாக்கி, ஸ்பேனர், எப்போதோ கோயிலில் உடைக்க வாங்கி உடைக்காத தேங்காய், பாதி பெயின்ட் டப்பா, ஒற்றைச் செருப்பு. ஜாக்கியைப் பழைய துண்டில் சுற்றி இறுக்கிக் கட்டியதிலேயே 'கடகட'வில் பாதி போய்விட்டது. டயரில் காற்று அதிகமாக இருந்தது. கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்கு இறக்கினேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் போட்டிருக்கும், பாருங்கள். என்னுடையதில் 2316. அதாவது 2016-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. நான்கையும் மாற்றினேன். அந்தச் செலவைச் சத்தக் கணக்கில் எழுதவில்லை, உயிர்க் கணக்கில் எழுதினேன்.

பிறகு கதவு பீடிங். கதவைச் சுற்றி ஓடும் அந்த ரப்பர்தான் காருக்குக் காவல்காரன். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்துங்கள். இழுத்துப் பாருங்கள். இறுகப் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே சத்தத்துக்கு வாசல் திறந்திருக்கிறது. என் காரில் முன் கதவு இரண்டிலும் காகிதம் சிரித்துக்கொண்டே வந்தது. பீடிங்கை மாற்றினேன்.

இரண்டாவது ஞாயிறு, கதவுக்குள். கதவு என்பது மெல்லிய தகரம். ரோட்டின் அதிர்ச்சியில் அது மேளம் மாதிரி அதிரும். அதற்கு 'டேம்பிங் ஷீட்' என்று விற்கிறார்கள். ஒரு பக்கம் பிசுபிசுவென்று கறுப்பு பியூட்டைல் ரப்பர், மறுபக்கம் அலுமினியத் தாள். வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு அது ரீங்கரிக்கும்போது ஒரு விரலை வைத்துப் பாருங்கள். நின்றுவிடும். ஷீட் செய்வதும் அதே வேலைதான். அதிர்வை வாங்கிச் சூடாக மாற்றிவிடுகிறது. தாம்பாளம் முழுக்க விரல் வைக்கத் தேவையில்லை அல்லவா? தகரத்திலும் அதிர்கிற இடத்தில் கால்வாசி ஒட்டினாலே பெரும்பலன் வந்துவிடும். கடைக்காரர் கார் முழுக்க ஒட்டச் சொல்வார். அவர் வியாபாரம்.

எந்தக் கால்வாசி என்பதுதான் கேள்வி. டோர் பேடைக் கழற்றிவிட்டு (கழற்றும்போது ஒரு டஜன் கிளிப் உடைந்தது) விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'டங்' என்றால் ஒட்டு, 'டொக்' என்றால் விடு. எனக்கு எல்லாமே 'டங்' என்றுதான் கேட்டது.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். "இன்ஜினப் போடு" என்று சைகை காட்டினார். போட்டேன். உள்ளங்கையைத் தகரத்தின் மேல் வைத்து, மாட்டைத் தடவுகிற மாதிரி மெதுவாக நகர்த்தினார். ஓர் இடத்தில் கை நின்றது.

"இங்க ஆடுது."

சாக்பீஸால் குறி போட்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளி, "இங்கயும்." டேஷ்போர்டின் இடது ஓரம். பின் சக்கரத்துக்கு மேலே உள்ள தகரம். டிக்கியின் அடித்தளம். காது கேட்காத மனிதர் காரின் சத்தத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப்பா?"

என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "தறிக்கூடத்துல இன்னா கேக்கும்? ஒண்ணும் கேக்காது. தறிச் சட்டத்துல கைய வச்சாத்தான் எந்தத் தறி சரியா ஓடல, எதுல கோளாறுன்னு தெரியும். கைதான்டா காது."

அப்பாவோடு இத்தனை வருடம் வாழ்ந்து, இதை நான் கேட்டதே இல்லை.

சித்திரை வெயிலில் தகரம் சுட்டது. ஷீட் ஒட்ட அதுவே நல்லது, ரப்பர் இளகிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தித் தேய்க்க ரோலர் விற்கிறார்கள். எங்களுக்குச் சப்பாத்திக் கட்டை கிடைத்தது. அது சமையலறைக்குத் திரும்பவே இல்லை. அந்த வழக்கு வீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு, டிக்கியும் பின்சக்கர வளைவுகளும் தரையும். கார்ப்பெட்டுக்கு அடியில் தடித்த ஃபெல்ட் விரித்தேன். ஷீட் அதிர்வை நிறுத்தும். காற்றில் வரும் சத்தத்தைக் குடிப்பதற்குத்தான் ஃபெல்ட். இரண்டும் வேறு வேறு வேலை. சீட்டைக் கழற்ற நான் துணியவில்லை. அடியில் ஏர்பேக் ஒயர் போகிற கார்களில் தெரியாமல் கை வைக்கக்கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்யாமல் இருக்க. கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறும் வழி அது. 'இதிலும் சத்தம் வருமே' என்று ஒரு கதவில் அதை ஒட்டி மூடிவிட்டேன். கோடை மழை ஒன்று பெய்தது. மறுநாள் பிரேக் போட்டால் கதவுக்குள் 'சளக் சளக்' என்று பங்காரு வாய்க்கால் ஓடியது! அப்படியே விட்டிருந்தால் கதவு துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். கிழித்துத் திறந்துவிட்டேன். இன்னொன்று: மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட் மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் உருகி, கார் முழுக்க ரோடு போடுகிற வாடை அடிக்கும்.

மொத்தக் கணக்கு: ஷீட் 4,200, பீடிங் 1,800, ஃபெல்ட்டும் டேப்பும் 900, உடைந்த கிளிப்புகளுக்கு 240. ஆக 7,140 ரூபாய். மகள் மறுபடி அதே சாலையில் அளந்தாள். 70.

"ஐந்துதானா?" என்றாள். எனக்கும் முகம் சுருங்கியது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டெசிபல் கணக்கில் ஐந்து குறைந்தால் ஒலியின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மனிதக் காது அவ்வளவு பெரிய மாற்றமாக அதை உணராது என்பதும் உண்மை. என் காதுக்கு 'பரவாயில்லையே' என்கிற அளவுதான். ரோல்ஸ் ராய்ஸ் ஆகவில்லை. ஒரு சத்தம் அடங்கியதும் இத்தனை நாள் அதற்கு அடியில் பதுங்கியிருந்த இன்னொரு கிறீச் தலைகாட்டியது.

ஆனால், பரீட்சை என் காதுக்கு இல்லையே?

அடுத்த சனிக்கிழமை. பாகூர் கடைத்தெரு தாண்டியது. அப்பாவின் கை காதுக்குப் போனது. நான் ரோட்டைப் பார்த்தபடி ஓரக்கண்ணால் கவனித்தேன். கை கொஞ்ச நேரம் காதிலேயே நின்றது. பிறகு இறங்கி மடிக்கு வந்துவிட்டது. மெஷின் காதிலேயே இருந்தது.

சந்தோஷம் தாங்காமல் வழக்கம்போலத் தொண்டை கிழியக் கேட்டேன், "ஏசி போதுமாப்பா?"

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். "இன்னாத்துக்குடா இப்படிக் கத்துற?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். நிறுத்தியதுதான் நிறுத்தினேன், அவர் பக்கம் திரும்பி, வாய் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, சாதாரணக் குரலில் சொன்னேன். "புதன்கிழமை நிலத்துக்கு அட்வான்ஸ் தர்றாங்கப்பா."

"எந்த நெலத்துக்கு?"

"நம்ம நிலத்துக்கு. அன்னிக்குக் கேட்டேனே, கொடுத்துடலாமான்னு. ஆமான்னீங்களே?"

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு கரும்பு டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது. "கொடுத்துடலாமான்னா கேட்ட?" என்றார். "வீட்டுக்குப் போய்ப் படுத்துடலாமான்னு கேக்கறேன்னு இல்ல நெனச்சேன்..."

கொடுத்துடலாமா. படுத்துடலாமா. ஓர் எழுத்து நழுவியதில் ஒரு நிலம் நழுவப் பார்த்தது.

அங்கேயே உட்கார்ந்து போன் பண்ணி, புதன்கிழமை வேண்டாம் என்று சொன்னேன். அந்த முனையில் கொஞ்சம் கோபம்தான். நியாயமான கோபம். அப்பா என்னைத் திட்டவில்லை. "புள்ள படிப்புக்கா? அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு வில்லியனூர் வரும்வரை அவர்தான் பேசினார். அந்த நிலத்தை வாங்கும்போது அம்மா எதைக் கழற்றிக் கொடுத்தாள் என்பது உட்பட, நான் கேள்விப்படாத பல விஷயங்கள்.

மகளுக்கு வங்கியில் கல்விக் கடன் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நிலம் இப்போதைக்கு இருக்கிறது. நாளைக்கு விற்கவும் நேரலாம். விற்றால், அது அப்பாவின் காதில் விழுந்த பிறகுதான்.

உலகத்தில் சுமார் 43 கோடிப் பேருக்குக் காது கேட்க உதவி தேவைப்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். காது கேளாதவர்கள் பெரும்பாலும் "என்ன?" என்று இரண்டு முறைதான் கேட்பார்கள். மூன்றாவது முறை நம் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிடுவார்கள். நாம் அதைச் சம்மதம் என்று வரவில் எழுதிக்கொள்கிறோம். நான் அப்படி எத்தனை தலையாட்டல்களை எழுதி வைத்திருக்கிறேனோ! பழைய கணக்குகளை எல்லாம் இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து.

போன வாரம் அழைத்து வரும்போது கவனித்தேன். அப்பாவின் சட்டைப் பையில் அந்தச் சின்ன டப்பா இல்லை. ஒரு பேனாவும், ஏரித் தண்ணீர்ப் பங்கீட்டுக் கூட்டத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதமும் இருந்தன.